ஸ்ட்ராபெரி ஹில்லுக்கு ஒரு நாள்: லண்டனுக்குப் புதிதாக வந்த மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனுக்குப் படிக்க வந்த முதல் ஆண்டில் எல்லோரும் பார்க்கிற இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன் ஐ, அப்புறம் ஒரு கால்பந்து மைதானம். கல்லூரித் தமிழ் மன்றத்தில் புதிதாகப் பொறுப்பேற்று, “இந்தத் தடவை வேறு எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகலாமே” என்று யோசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஸ்ட்ராபெரி ஹில் வீட்டைத்தான். தென்மேற்கு லண்டனில், ட்விக்கனத்தை ஒட்டி இருக்கிறது. இலக்கியம் படிக்கிறவர்களுக்கான இடம் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். கணினி படிக்கிறவரும் கணக்கியல் படிக்கிறவரும் அரை நாள் ரசித்துப் பார்க்கக்கூடிய வீடு.

ஆனால் ஒன்று. தயாரிப்பு இல்லாமல் போனால் அரை மணி நேரத்தில் “அவ்வளவுதானா?” என்று கேட்டபடி எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அந்த வீட்டில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 1842இல் ஏலத்தில் போய்விட்டன. மிச்சம் இருப்பது சுவர்கள், கூரை, வண்ணக் கண்ணாடி, வெளிச்சம், அவற்றை இப்படி அமைத்த ஒருவருடைய கற்பனை. அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதி அதற்காகத்தான்.

யாருடைய வீடு?

ஹொரஸ் வால்போல் 1717இல் பிறந்தவர். பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் கடைசி மகன். 1747இல் தேம்ஸ் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார், இரண்டே ஆண்டில் விலைக்கு வாங்கிவிட்டார். ஒரு பிரபுவிடம் வண்டி ஓட்டியவர் 1698இல் கட்டிய சாதாரண வீடு அது. அதை நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, கோபுரம் வைத்து, கூர்வளைவு ஜன்னல்கள் வைத்து ஒரு குட்டிக் கோட்டையாக்கினார். அன்றைய பணக்காரர்கள் ரோமானியக் கோயில் பாணியில் தூண் வைத்து, இடமும் வலமும் சமமாக மாளிகை கட்டிக்கொண்டிருந்த காலம். இவரும் இவருடைய நண்பர்கள் ஜான் சூட், ரிச்சர்ட் பென்ட்லி இருவரும் ஒரு குழு மாதிரி உட்கார்ந்து, பழைய தேவாலயங்களில் இருக்கும் கல்லறை, வாசல், திரைத்தட்டி இவற்றின் படங்களைப் புத்தகங்களில் தேடி எடுத்து, அவற்றை வீட்டின் கணப்பாகவும் புத்தக அலமாரியாகவும் மாற்றினார்கள்.

ஆள் கொஞ்சம் விசித்திரமானவர்தான். 1769இல் பிரெஞ்சு விருந்தினர்கள் வந்தபோது, லேஸ் துணி போலவே மரத்தில் செதுக்கிய கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு, முதலாம் ஜேம்ஸ் மன்னருடைய கையுறைகளை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றார். செலிமா என்ற அவருடைய பூனை தங்கமீன் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. நண்பர் தாமஸ் கிரே அதற்கு இரங்கற்பா எழுதினார். வால்போல் அந்தச் சீனப் பீங்கான் தொட்டியைப் பிற்காலத்தில் ஒரு பீடத்தில் ஏற்றி, பாட்டின் முதல் அடிகளையும் அதோடு எழுதி வைத்தார். 1757இல் வீட்டு வளாகத்திலேயே சொந்த அச்சகம் தொடங்கினார். அங்கே முதலில் அச்சானதும் கிரேயின் கவிதைகள்தான்.

1764 ஜூனில் ஒரு கனவு. பழைய கோட்டை ஒன்றின் பெரிய மாடிப்படி. மேல் கைப்பிடியில் கவசம் பூண்ட ராட்சதக் கை. அன்று மாலையே எழுத உட்கார்ந்தார். “ஒட்ராண்டோ கோட்டை” நாவல் பிறந்தது அப்படித்தான். ஆங்கிலத்தில் பேய்க்கோட்டை, இருண்ட சுரங்கம், துரத்தப்படும் பெண், பழைய சாபம் என்று வந்த கதைகளுக்கெல்லாம் மூலம் இந்த நாவல். நாம் பார்க்கப் போவது அந்த மாடிப்படிக்கு வித்திட்ட வீடு.

முதல் வேலை: தேதியும் டிக்கெட்டும்

வீடு வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது. திறக்கும் நாட்கள் பருவத்துக்குத் தகுந்தபடி மாறும், கல்யாணம் போன்ற நிகழ்ச்சிகளுக்காக மூடுவதும் உண்டு. அதனால் வாட்ஸப் குழுவில் தேதியைப் போடுவதற்கு முன்னால் வீட்டின் இணையதளத்தைப் பாருங்கள். மூன்று நான்கு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, மாணவர் குழு என்று சொல்லி, என்ன சலுகை, வழிகாட்டியோடு சுற்றிப்பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்த மின்னஞ்சலிலேயே இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள்: முதுகுப்பையை எங்கே வைப்பது, படம் எடுக்கலாமா, படி ஏற முடியாதவர் யாராவது வந்தால் என்ன ஏற்பாடு. பழைய வீடுகளில் இந்த மூன்றிலும்தான் வாசலில் நின்று திண்டாட நேரிடும்.

எத்தனை பேர்? பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அறைகள் சிறியவை, நடைவழிகள் இன்னும் குறுகல். ஆள் அதிகம் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு தோட்டத்தில் இருக்கும்போது இன்னொன்று உள்ளே போகட்டும். வால்போலே இதில் கறாராக இருந்திருக்கிறார். ஊர் முழுக்க வீட்டைப் பார்க்கக் கிளம்பி வந்ததால் டிக்கெட் முறையே கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு ஒரே குழு, அதில் நான்கு பேர்தான், மே முதல் தேதியிலிருந்து அக்டோபர் முதல் தேதி வரைதான், பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில்தான், குழந்தைகளைக் கூட்டிவரக் கூடாது என்று விதிகளை அச்சடித்தே கொடுத்தார். சுற்றிக் காட்டிய வீட்டுப் பொறுப்பாளர் மார்கரெட்டுக்கு வந்து குவிந்த அன்பளிப்புக் காசைப் பார்த்து, அவரையே கல்யாணம் செய்துகொண்டால் செலவழித்த பணம் திரும்பி வந்துவிடும் என்று கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

பணத்தை முன்கூட்டியே வசூலித்துவிடுங்கள். “வருகிறேன்” என்று கை தூக்கியவர்களில் சிலர் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள், வாங்கிய டிக்கெட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பாக நிற்க வேண்டிவரும்.

போவதற்கு முன் படிக்க வேண்டியது

இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். “ஒட்ராண்டோ கோட்டை” மொத்தமே ஐந்து அத்தியாயம். பதிப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முழுவதும் படிக்க எல்லோருக்கும் நேரம் இருக்காது. முதல் அத்தியாயம் போதும். கல்யாண நாளன்று மணமகன் மேல் வானத்திலிருந்து விழுந்ததுபோல ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து அவன் நசுங்கிச் சாவதில் கதை ஆரம்பிக்கிறது. பழைய ஆங்கிலம்தான், இருந்தாலும் ஓட்டம் வேகமாக இருக்கும். ரயில் ஏறும் முந்தைய வாரம் யாராவது ஒருவர் அறையில் கூடி, மாறி மாறி உரக்கப் படியுங்கள். மணப்பெண்ணாக வந்த இசபெல்லா இருட்டான சுரங்கப்பாதையில் கையில் விளக்கோடு ஓடும் பக்கங்களை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். வீட்டின் நடைவழியில் நிற்கும்போது அந்தப் பக்கங்கள் தானாக ஞாபகம் வரும்.

முதல் பதிப்பின் முகப்பை யாராவது காட்டினால் குழப்பமாக இருக்கும். அதில் வால்போலின் பெயரே இல்லை. ஏதோ பழைய இத்தாலியக் கதையை மொழிபெயர்த்ததாகச் சொல்லி வெளியிட்டார், விற்பனை நன்றாகப் போன பிறகு 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் எழுதியது நான் என்று ஒத்துக்கொண்டார். நேற்று எழுதியதைப் பழையதாகக் காட்டும் இந்த விளையாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு முழுக்க இதே விளையாட்டுத்தான்.

ரயில்

வாட்டர்லூ நிலையத்தின் நடுக்கூடத்தில் தொங்கும் பெரிய கடிகாரத்தின் கீழே கூடுங்கள். லண்டனில் புதிதாக வந்தவருக்குக்கூட வழி சொல்லத் தேவையில்லாத இடம் அது. அங்கிருந்து ஸ்ட்ராபெரி ஹில் நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு, சுமார் நாற்பது நிமிடம். வாக்ஸ்ஹால், கிளாபம் ஜங்ஷன் நிலையங்களிலும் ஏறலாம். இந்த வண்டிகளில் பல, ரிச்மண்ட் வழியாகப் போய்க் கிங்ஸ்டன் வழியாக வாட்டர்லூவுக்கே சுற்றி வருபவை. அதனால் பலகையில் கடைசி ஊரின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாமல், நடுவில் நிற்கும் நிலையங்களின் பட்டியலில் ஸ்ட்ராபெரி ஹில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலையம் ஐந்தாம் கட்டண மண்டலத்தில் இருக்கிறது. ஆய்ஸ்டர் அட்டையோ (பணம் ஏற்றிவைத்துப் பயன்படுத்தும் லண்டன் பயண அட்டை) வங்கி அட்டையோ போதும், தனியாகப் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொட வேண்டும். சின்ன நிலையங்களில் கதவு திறந்தே இருந்தால் அப்படியே நடந்து வந்துவிடுவார்கள், அட்டையில் அதிகபட்சக் கட்டணம் போய்விடும். 16 முதல் 25 வயதினருக்கான ரயில்கார்டு வைத்திருப்பவர்கள், நிலைய ஊழியரிடம் சொல்லி அதை ஆய்ஸ்டர் அட்டையோடு இணைத்துக்கொண்டால் நெரிசல் இல்லாத நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளென்றால் காலை 9:30க்குப் பிறகு ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று வண்டிகளை நிறுத்திவைப்பது இங்கே சகஜம். முந்தின நாள் இரவு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை.

உள்ளே

வெளியே நின்று முதலில் சுற்றிப் பாருங்கள். வெள்ளைவெளேர் என்று இருக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் இன்னொரு பக்கத்தோடு பொருந்தாது. அந்தப் பொருந்தாமைதான் வால்போல் வேண்டியது. ஒட்டியபடி நீளும் பெரிய கட்டடங்கள் பின்னால் வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சஸ் வால்டகிரேவ் சீமாட்டி கட்டியது ஒரு பகுதி. 1923இல் ஒரு கத்தோலிக்க ஆசிரியர் கல்லூரி இடத்தை வாங்கியது. அதுதான் இன்றைய செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகம். வால்போல் கட்டிய பகுதி சிதைந்து கிடந்து, ஓர் அறக்கட்டளையின் முயற்சியில் பழுதுபார்க்கப்பட்டு 2010இல் மறுபடி திறந்தது.

வாசலைத் தாண்டியதும் கூடம். இங்கே பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள், கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். சாம்பல் நிறம், மங்கல் வெளிச்சம். சுவரில் கல்லில் செதுக்கிய வளைவுகள் போலத் தெரிவது எல்லாம் வர்ணம்தான். வூஸ்டர் பேராலயத்தில் இருக்கும் இளவரசர் ஆர்தரின் கல்லறையைப் பார்த்து வரைந்தது. கிட்டப் போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். மாடிப்படியின் கைப்பிடித் தூண்களில் மான் போன்ற உருவங்கள் கேடயம் பிடித்து நிற்கும். கனவில் வந்த அந்தக் கை இந்தப் படியின் உச்சியில் இருந்திருந்தால் எப்படித் தெரியும் என்று கீழே நின்று நிமிர்ந்து பாருங்கள். முதல் அத்தியாயம் படித்தவர்களும் படிக்காதவர்களும் பார்ப்பதில் உள்ள வித்தியாசம் இங்கேயே தெரிந்துவிடும்.

நூலகத்தில் புத்தக அலமாரிகளின் முகப்பு, தீயில் எரிந்துபோன பழைய செயின்ட் பால் பேராலயத்தின் வாசலைப் பார்த்துச் செய்தது. அந்தப் பேராலயம் 1666இலேயே போய்விட்டது, வால்போலின் ஆட்கள் புத்தகத்தில் இருந்த படத்தை வைத்துச் செய்தார்கள். கணப்பைச் சுற்றியிருக்கும் வேலைப்பாடு கல்லறைகளிலிருந்து எடுத்தது. கூரையில் குடும்ப முத்திரைகளும் குதிரை வீரர்களும் இருக்கும். சிலுவைப் போருக்குப் போன மூதாதையர் தனக்கு உண்டு என்று பெருமையடிப்பதற்காக வரையச் சொன்னது.

ஜன்னல்களை அவசரப்படாமல் பாருங்கள். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடித் துண்டுகளை நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்திலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்துப் பதித்திருக்கிறார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்னக் கதை: சந்தைக்குப் போகிற பெண், விவிலியக் காட்சி, பறவை. வெயில் இருக்கும் நாளாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர் யாராவது குழுவில் இருந்தால், ஜன்னல்களை மட்டும் அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

ஹோல்பைன் அறையின் ஊதா நிறத்தைத் தாண்டி ஓர் இருண்ட சின்ன நடைவழி வரும். அதில் வேகமாகப் போகவே கூடாது. ஏனென்றால் அதற்கு அடுத்த அறைதான் நெடுங்கூடம். ஐம்பத்தாறு அடி நீளம், சிவப்புத் துணி போர்த்திய சுவர், கண்ணாடிகள், தலைக்கு மேலே விசிறி விசிறியாக விரியும் தங்கக் கூரை. இருட்டிலிருந்து திடீரென்று அங்கே போய் விழ வேண்டும் என்றுதான் நடைவழியை அப்படி வைத்தார். எல்லோரும் ஒன்றாக நுழைந்தால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். இரண்டு இரண்டு பேராக விடுங்கள்.

அந்தக் கூரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள ஏழாம் ஹென்றியின் வழிபாட்டுக்கூடத்தைப் பார்த்து எடுத்தது. அங்கே அது கல். இங்கே காகிதக்கூழ். நம் ஊர்க் கொலுவுக்கு வாங்கும் எடையில்லாத பொம்மைகள் எதில் செய்கிறார்களோ, அதே சரக்கு. இதைச் சொன்னவுடன் குழுவில் யாராவது “அப்படியானால் எல்லாம் போலியா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் விட்டுவிடாதீர்கள், அங்கேயே நின்று பேசுங்கள். என் கருத்தைக் கேட்டால், கல்லைப் பார்த்து நகலெடுக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கமாக இல்லை. உள்ளே வருகிறவருக்குப் பயமும் வியப்பும் மாறி மாறி வர வேண்டும், கதை படிக்கிறவருக்கு வருவதைப் போல. அதற்குக் காகிதம் போதும் என்று அவர் கண்டுபிடித்தார். தன் கட்டடங்களும் எழுத்துகளைப் போலக் காகிதம்தான், தான் செத்த பத்து வருடத்தில் காற்றோடு போய்விடும் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். 1797இல் அவர் இறந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கூரை நிற்கிறது.

இன்னொரு கேள்வியையும் யாராவது கேட்க வேண்டும்: இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அப்பா பிரதமராக இருந்தபோது மகனுக்கு வாங்கிக் கொடுத்த அரசுப் பதவிகள். வேலை அதிகம் இல்லை, வருமானம் ஆயுள் முழுக்க. வீட்டின் அழகை ரசிப்பதோடு இதையும் தெரிந்துகொள்வது நல்லது. அறைகளில் நிற்கும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், வீட்டை நேசிப்பவர்கள். கேட்டால் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று தயங்க வேண்டாம், அவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

வட்ட அறையின் கணப்பு ராபர்ட் ஆடம் என்ற பெரிய கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. பூப்போன்ற நான்கு வளைவுகள் கொண்ட சின்ன அறை ஒன்று இருக்கும், விலையுயர்ந்த சிறு பொருட்களை வால்போல் பூட்டி வைத்திருந்த இடம். இவற்றுக்குக் கொஞ்ச நேரம் போதும். உள்ளே மொத்தம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் ஆற்றங்கரையும்

வீட்டில் ஒரு சிற்றுண்டிக் கடை உண்டு, டீயும் கேக்கும் கிடைக்கும். பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு என்று போனால் செலவு ஏறும். எலுமிச்சை சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போங்கள், ஸ்பூனும் குப்பைப் பையும் மறக்க வேண்டாம். வீட்டிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் தேம்ஸ் கரையில் ராட்னர் கார்டன்ஸ் என்ற பூங்கா. பெஞ்சுகள் இருக்கின்றன, வாத்துகளும் இருக்கின்றன. மழைக்குக் குடை மட்டும் போதாது, காற்று அடித்தால் திருப்பிவிடும். தொப்பி வைத்த மேலங்கி நல்லது.

அந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில்தான் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞரின் வீடு இருந்தது. பார்க்க வருகிறவர்கள் தொல்லை தாங்காமல் பின்னால் வந்த உரிமையாளர் 1808இல் அதை இடித்துவிட்டார். போப் கட்டிய குகைச் சுரங்கம் மட்டும் இன்னும் இருக்கிறது, வருடத்தில் சில நாட்கள்தான் திறப்பார்கள். அந்த நாளோடு உங்கள் தேதியைப் பொருத்த முடிந்தால் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

திரும்பும்போது

நேராக வாட்டர்லூ போக வேண்டும் என்றால் வந்த வழியே ரயில். பசி எடுத்தவர்களுக்கு என் யோசனை வேறு. கிங்ஸ்டன் வழியாகப் போகும் வண்டியில் ஏறி விம்பிள்டனில் இறங்குங்கள், அங்கிருந்து 57ஆம் எண் பேருந்து டூட்டிங் போகும். இலங்கைத் தமிழர் கடைகளும் தோசைக் கடைகளும் வரிசையாக இருக்கும் ஊர். கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே அன்று பார்த்ததைப் பேசலாம், அப்படியே பாதாள ரயிலில் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில் பார்க்க முடியாத பொருட்களில் இரண்டை மட்டும் அடுத்த வாரமே தேடிப் போகச் சொல்வேன், இரண்டு இடத்திலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்த மரக் கழுத்துப்பட்டி சவுத் கென்சிங்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. முதலாம் எலிசபெத் காலத்து ஜோசியர் ஜான் டீ ஆவிகளோடு பேசப் பயன்படுத்தியதாகச் சொல்லி வால்போல் வாங்கி வைத்திருந்த கறுப்புக் கண்ணாடி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் எரிமலைக் கல்லைத் தேய்த்துச் செய்தது. போகும் முன் இரண்டு அருங்காட்சியகங்களின் இணையதளத்திலும் பொருளின் பெயரைப் போட்டுத் தேடி, இப்போது காட்சியில் இருக்கிறதா, எந்த அறை என்று குறித்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்து வெளியூர்க் கண்காட்சிக்கு அனுப்பியிருக்கவும் கூடும்.